பதினாலு பெட்டி, இருபத்தெட்டுத் திரை

காலை மட்டும் அந்த அட்டைப்பெட்டி மேல் வைக்காதீங்க தம்பி. கோபித்துக்கொள்ளாதீங்க. ஆத்தூர் தாண்டியதிலிருந்து பார்க்கிறேன், உங்கள் ஷூ அதன் விளிம்பில் இடித்துக்கொண்டே வருகிறது. மேலே ஏற்றி வைக்கச் சொல்லி கண்டக்டர் சொன்னார். மேலே வைத்தால் வளைவில் சரியும். அது சரிந்தால் என் குடும்பமே சரிந்த மாதிரி. அதனால்தான் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே என்னவா? கார்டு. கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் சொருகுவது. ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு திரை ஓட வேண்டும் என்றால் இதைப் போட வேண்டும். மொத்தம் பதினாலு. பதினாலும் உதவாது. உதவாத பதினாலைக் கொடுத்துவிட்டு உதவுகிற பதினாலை வாங்கிவர மெட்ராஸ் போகிறேன். இது மூன்றாவது தடவை. இன்றைக்கு சனிக்கிழமை. ஆறு மணிக்குக் கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிடுவான், நாளைக்குக் கடை கிடையாது. இந்த பஸ் நாலரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடைக்கு ஒன்றரை மணி நேரம். நீங்களே கணக்குப் போடுங்க. ஒரு நிமிஷம் தவறினாலும் போச்சு. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு சேலத்தில் இருபத்தெட்டுத் திரையும் எரிய வேண்டும். இந்த டிரைவர் என்னடா என்றால் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நிதானமாக ஓட்டுகிறார்.

அது என் போன்தான். அடிக்கட்டும்.

பெயரைப் பார்த்துவிட்டீங்களா? ஆமாம், 'எடுக்காதே' என்றுதான் போட்டிருக்கிறது. என் மச்சினன். மாதேஸ்வரன். பெண்டாட்டியுடைய தம்பி. சரியான பெயரைப் போட்டால் ஏதாவது ஞாபகத்தில் எடுத்துவிடுவேன் என்று என் மகளிடம் சொல்லி இப்படி மாற்றி வைத்தேன். காலையிலிருந்து ஆறு தடவை அடித்துவிட்டான். பாருங்க, இதோ கட் பண்ணிவிட்டேன். அவ்வளவுதான்.

எதற்கு அடிக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? சிரிக்கத்தான். மாமா கோட்டை விட்டுவிட்டார், அதைக் கேட்டு ஆனந்தப்படுவோம் என்றுதான். ஒன்பது வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தான்.

நான் எட்டாவதுதான் படித்தேன் தம்பி. மறைக்க என்ன இருக்கிறது. பதினாறு வயதில் சாலிடரிங் அயர்னைப் பிடித்தவன். செங்கோடன் டிவி மெக்கானிக் என்று நாலு ரோட்டில் கேட்டுப்பாருங்க. டிவியைத் திறந்து மூக்கை வைத்தால் போதும், எது கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. என் மச்சினன் டிப்ளமா படித்துவிட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். வாடா, சேர்ந்து கடை போடலாம் என்று கூப்பிட்டவன் நான். பலகையில் இரண்டு பேர் பெயரும். செங்கோடன், மாதேஸ்வரன். என் பெயர்தான் முதலில். எழுத்து கொஞ்சம் பெரிதும்கூட.

நன்றாகத்தான் போனது. ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கடைக்கு வந்தார். முப்பது கம்ப்யூட்டர் வைத்து லேப் போட வேண்டும். என்னென்ன வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் இவன், "சார், அவரு டிவி மெக்கானிக். கம்ப்யூட்டர் நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? அந்த மனுஷன் அப்படியே நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தம்பி, அந்த நாற்காலி தரையில் உரசின சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் காதில் இருக்கிறது. யாராவது நாற்காலி இழுத்தால் எனக்குப் பல் கூசும்.

அதற்கப்புறம் என்ன? என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டான். சொந்த மாமா பெயரை. சரி, ஏணி போட்டு ஏறிச் சுரண்டினது நான்தான். ஆனால் அவன் தடுத்திருக்கலாம் இல்லையா? "இறங்குங்க மாமா, விழுந்துடப் போறீங்க" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏணியைப் பிடித்தால் என்ன அர்த்தம்? சீக்கிரம் சுரண்டி முடி என்று அர்த்தம். அன்றைக்கு வெளியே வந்தவன்தான். யூபிஎஸ், டிவி, மிக்ஸி என்று எனக்குத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. அவன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. என் வீட்டுக்காரி அலமேலு மட்டும் போவாள். வந்து அழுவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

இப்போது இதில் எங்கே கம்ப்யூட்டர் வந்தது என்கிறீங்களா? என் மகள் வினோதினி. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஆபீஸ். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று இங்கே உட்கார்ந்து படித்துப் படித்து அதற்கு ஒரு நம்பர் போடுகிற வேலை. பதினாலு பெண்கள். என் மகள்தான் அவர்களுக்குத் தலைமை. பதினாலு பேருக்கும் பதினாலு கம்ப்யூட்டர். நாம் பார்த்த பெரிய பெட்டி இல்லை தம்பி, பழைய டெலிபோன் டைரக்டரியை நிறுத்தி வைத்த மாதிரி ஒடுக்கமான பெட்டி. மேஜையில் இடத்தை அடைக்காது.

இதுவரைக்கும் ஒரு திரையில்தான் வேலை பார்த்தார்கள். இப்போது புதிதாக ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்திருக்கிறது. ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் தப்பு வரும், ஒவ்வொருவருக்கும் இரண்டு திரை இருக்க வேண்டும், இடது பக்கம் டாக்டர் எழுதியது, வலது பக்கம் நம்பர், அப்படி இருந்தால்தான் வேலை கொடுப்போம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வீடியோவில் வந்து பார்ப்பார்களாம். இல்லை என்றால் வேலை ஓசூர் கிளைக்குப் போய்விடும். பதினாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதில் நாலு பேர் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது. எல்லாம் என் மகள் சொன்னது.

அந்த ஆபீசுக்கு நாலு வருஷமாக யார் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது? மாதேஸ்வரன். என் மகள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் போய் அவன் குனிந்து வயர் மாட்டிக்கொண்டிருக்கிறான், நான் வீட்டில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையை எனக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை தம்பி. அந்தப் பழக்கமே எனக்கு இல்லை. "ஊருல இருக்கறவனுக்கெல்லாம் வேலை இருக்கு, பெத்தவனுக்குத்தான் இல்ல" என்று சோற்றில் கை வைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாளும் சொன்னேன். ஒரு பத்து நாள் சொல்லியிருப்பேன். பதினோராம் நாள் அவள் தட்டை நகர்த்திவிட்டு, "சரிப்பா, சுஜிதா மேடம்கிட்ட பேசறேன்" என்றாள்.

சுஜிதா மேடம் என்றால் மேனேஜர். அந்தம்மா யோசித்திருக்கிறார். அப்பாவால் முடியுமா என்று கேட்டிருக்கிறார். என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? 'இரண்டு திரையும் திங்கட்கிழமைக்குள் தயாராக இருக்கும், பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தம்பி, என் மகள். பிரசவ வார்டில் கையில் வாங்கும்போது இவ்வளவுதான் இருந்தாள்.

மாதேஸ்வரன் என்ன சொன்னானாம் தெரியுமா? "மாமாவே பாக்கட்டும் பாப்பா, சந்தோஷம்" என்று விட்டுக்கொடுத்துவிட்டானாம். பார்த்தீங்களா அவமானப்படுத்துகிற முறையை? சண்டை போட்டிருந்தால் நானும் ஜெயித்தேன் என்று இருக்கும். பிச்சை போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகிறான்.

அதோடு விட்டானா? வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். நான் வாசலில்தான் ஒரு யூபிஎஸ்ஸைப் பிரித்து வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, "மாமா" என்றான். நான் நிமிரவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே சொல்கிறான், "எதையும் வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டிக்குப் பின்னாடி ஒருதடவ பாத்துக்குங்க மாமா. அதுலயே..."

"எனக்குப் பின்னாடி பாக்கத் தெரியும்டா. நீ முன்னாடி பாத்து நடையக் கட்டு" என்றேன்.

முடிக்கக்கூட விடவில்லை. முடிக்க விட்டிருந்தால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பான். முன் எது, பின் எது என்று தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறான் பாருங்க. அவரு டிவி மெக்கானிக் என்று மறுபடியும் ஒருதடவை சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. அலமேலு பின்னாலேயே ஓடினாள். அவளிடம் ஒரு பாலிதீன் பை கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால் கேபிள். குட்டைக் கேபிள், பதினாலு.

என்னடா இது என்று எடுத்து எங்கள் வீட்டு டிவியில் சொருகிப் பார்த்தேன். ஒரு முனை அழகாகப் போனது. மறுமுனை எதிலும் போகவில்லை. பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரு மூலையை வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. டிவியில் ஒரு ஓட்டையிலும் நுழையாது. நான் விடவில்லை தம்பி. பதினாலையும் சோதித்தேன். பதினாலும் அப்படியே. ஒரு கேபிள் தப்பாக வரலாம். இரண்டு வரலாம். பதினாலும் தப்பாக வந்தால் அது வேண்டுமென்றே கொடுத்தது. கடையில் விற்காமல் கிடந்த கழிவை என் தலையில் கட்டியிருக்கிறான். ஆனால் நல்ல தடிமன். அதைச் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் இரண்டை முடிந்து கொடி கட்டிக் கொடுத்தேன், அலமேலு ஈரப்போர்வையே காயப்போடுகிறாள், தாங்குகிறது. இந்த அட்டைப்பெட்டியைக் கட்டியிருக்கிறதே, இதுவும் அதுதான். நாலு கேபிள். சணல் என்றால் அறுந்துவிடும்.

கார்டு கதைக்கு வருகிறேன். முதல் தடவை எப்படித் தப்பாகப் போனது என்று கேளுங்க. பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கார்டு சொருகுகிற பள்ளத்தை நூல் பிடித்து அளந்தேன். தையல்காரர் அளக்கிற மாதிரி. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி. சுத்தமான அளவு. மெட்ராஸ் போய் நூலைக் காட்டி வாங்கி வந்தேன். சொருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டால் மூடவில்லை. கார்டு மூடிக்கு மேலே நாலு விரல் நிற்கிறது. நீளத்தை அளந்தேன், உயரத்தை அளக்கவில்லை. என்ன செய்வது, மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அளந்தால் மூடி எப்படி ஞாபகம் வரும்? அந்த நேரம் பார்த்து ஒரு பெண் டீ கொண்டுவந்து நீட்டினாள். அதில்தான் கவனம் சிதறிவிட்டது.

இரண்டாம் தடவை போய்க் குள்ளக் கார்டு வாங்கினேன். அரை உயரம்தான். இப்போது இந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது அதுதான். நேற்று மத்தியானம் பதினாலையும் மாட்டினேன். மூடி மூடியது. இரண்டாவது திரையை மாட்டி, ஒவ்வொன்றாக ஆன் பண்ணினேன். எரிந்தது தம்பி! இருபத்தெட்டுத் திரையும் எரிந்தது. அந்த ஹாலே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பெண்களெல்லாம் கை தட்டினார்கள். "அங்கிள், சூப்பர் அங்கிள்" என்கிறார்கள். வினோதினி என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? சின்னப் பிள்ளையில் அவளுடைய பொம்மை ரேடியோவைப் பாட வைத்தபோது பார்த்தாள். அப்புறம் நேற்றுதான்.

பத்து நிமிஷம். ஜன்னலோரப் பெட்டி முதலில் அணைந்தது. ஏதோ கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. விசில் ஊதின மாதிரி வரிசையாக ஒவ்வொன்றாக. கை தட்டின பிள்ளைகள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியாக என் மகள் மேஜையில் இருந்தது அணைந்தது.

கடைக்காரனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். "பெரியவரே, அது ரொம்பக் கரண்ட் சாப்பிடற கார்டு. உங்க சின்னப் பொட்டிக்குள்ள இருக்கற பவர் சப்ளை தாங்காது. கம்மியாச் சாப்பிடற கார்டு இருக்கு, நேர்ல கொண்டாந்தா மாத்தித் தர்றேன். நாளைக்கு ஆறு மணி வரைக்கும்தான்" என்கிறான். இதை முதலிலேயே சொல்ல வாய் வலித்ததா? நான் கேட்கவில்லையாம். அரை உயரம் என்று மட்டும்தான் கேட்டேனாம். கேட்டால்தான் சொல்வாயா?

நேற்று சாயந்திரம் ஆபீசே காலியாகிவிட்டது. பதினாலு பெட்டியும் மூடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கார்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வினோதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொல்கிறாள், "அப்பா, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா."

"அவன்கிட்டப் போய் நின்னா அப்புறம் நான் உன் அப்பன் இல்ல" என்றேன்.

 அவள் ஸ்குரூவை எல்லாம் பொறுக்கி ஒரு டீக் கப்பில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.  காலையில் நான் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். "ஏனுங்க, ஒரு போன்தானுங்களே, நானாச்சும் பேசட்டுங்களா" என்று அலமேலு அழுகிறாள். பேசினால் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சின்னசேலம் வந்துவிட்டதா? இல்லை, கள்ளக்குறிச்சியே தாண்டிவிட்டோமா. நல்லது. கொஞ்சம் வேகமாகத்தான் போகிறார்.

மறுபடியும் அடிக்கிறான் பாருங்க. ஏழு. கட்.

பயமாக இருக்கிறது தம்பி. உங்களிடம் சொல்வதற்கென்ன, உங்களை இனிமேல் நான் பார்க்கப்போவதில்லை. இந்த மூன்றாவது கார்டும் சரியாக வரும் என்று எனக்கே தெரியவில்லை. குள்ளமாக இருக்க வேண்டும், கரண்ட் கம்மியாகச் சாப்பிட வேண்டும், பின்னால் இரண்டு திரைக்கும் வாய் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலாவதாக எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தால்? அது இருப்பதே எனக்குத் தெரியாதே, எப்படிக் கேட்பேன்? திங்கட்கிழமை அந்த ஹாலில் பதினாலு பெண்களும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் மகள் எழுதிக் கொடுத்த காகிதத்தை அந்த மேடம் எடுத்துக் காட்டுவார். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

நீங்க என்ன வேலை தம்பி? பேங்கா? நல்ல வேலை. உட்கார்ந்த இடத்தில் வேலை.

என்னது?

உங்கள் பேங்கிலும் இரண்டு திரையா? கவுண்டரில்? அதே மாதிரி ஒடுக்கமான பெட்டியா? சரி, கார்டு போட்டிருப்பார்கள். போடவில்லையா? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க திறந்தா பார்த்தீங்க? பிரித்துச் சுத்தம் பண்ணும்போது பார்த்தீங்களா... ஒன்றுமே சொருகியிருக்கவில்லையா?

அப்படி எப்படி ஓடும்? பின்னால் இரண்டு வயர் போகிறதா? இரண்டும் பெட்டியிலிருந்தேவா?

உங்களுடையது வேறு கம்பெனிப் பெட்டியாக இருக்கும் தம்பி. எங்களுடையதில் பின்னால் ஒரே ஒரு வாய்தான். பழைய நீல முனை, ஸ்குரூ போட்டு முறுக்குவோமே, அதுதான். அதில்தான் முதல் திரை மாட்டியிருக்கிறது. இல்லை, நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன், கடைக்காரனிடம் காட்ட. இருங்க. கண்ணாடி எங்கே. இதோ பாருங்க, எல்லாப் பெட்டியையும் வரிசையாகத் திருப்பி வைத்து எடுத்தது, இதுதான் பின்பக்கம். நீல வாய் ஒன்று. பக்கத்தில் இருப்பது கறுப்பு ரப்பர். அடைப்பு. சும்மா மூடி வைத்திருக்கிறான், அழகுக்கு. அதற்குப் பக்கத்திலும் ஒரு ரப்பர் அடைப்பு.

பெரிதாக்குங்க. எனக்கு அப்படி இரண்டு விரலால் விரிக்க வராது. நீங்களே செய்யுங்க.

அந்தக் கடைசிப் பெட்டியில் ரப்பர் பாதி கழன்று தொங்குகிறதா? ஆமாம். உள்ளே ஓட்டை தெரிகிறது. ஆமாம், ஏதோ ஓட்டை. டிவி ஓட்டை மாதிரி இருக்கிறது. இல்லை. ஒரு மூலை...

ஒரு மூலை வெட்டியிருக்கிறது.

எதைத் தொட்டுப் பார்க்கிறீங்க? அந்த முடிச்சை விடுங்க தம்பி, பெட்டி பிரிந்துவிடும். அது கழிவுக் கேபிள் என்று சொன்னேனே. அது டிவியில் போகாத...

இருங்க.

இருங்க, நானே அவிழ்க்கிறேன்.  போனைப் பக்கத்தில் பிடியுங்க. இந்த முனை. இந்த மூலை. இப்படித் திருப்பினால்... ஐயோ. ஐயோ தம்பி. இது அதற்குள் போகும். பார்த்தாலே தெரிகிறது, போகும். இந்த முனை பெட்டிக்கு. அந்த முனை திரைக்கு. கார்டே வேண்டாம். ஒன்றுமே வேண்டாம். உள்ளே எதையும் சொருக வேண்டாம். மூடியையே கழற்றியிருக்க வேண்டாம்.

பதினாலு பெட்டிக்குப் பதினாலு.

அன்றைக்கே கொடுத்துவிட்டானா?

அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே! இந்த மாதிரி மாமா, இதை இங்கே சொருகுங்க என்று விளக்கமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே! பின்னாடி பாருங்க என்று மொட்டையாகச் சொன்னால் ஒரு மனுஷனுக்கு என்ன புரியும்? 'அதுலயே...' என்று ஆரம்பித்தவன் முடித்துத் தொலைத்திருக்க வேண்டாமா? நான் போகச் சொன்னால் போய்விடுவதா? ஏணியை மட்டும் பிடிக்கத் தெரிந்தது.

என்னை அப்படிப் பார்க்காதீங்க தம்பி.

ஆனால் இது நிச்சயமா? நீங்க பேங்கில் வேலை பார்க்கிறவர், உங்களுக்கு வயர் தெரியுமா? இரண்டு முனையில் எதை முதலில் மாட்ட வேண்டும்? உள்ளே ஏதாவது மாற்றி அமைக்க வேண்டுமா? நான் கார்டு மாட்டி அணைந்து போனதே, அதில் இந்த வாய் கெட்டுப்போயிருந்தால்? கொடியில் கட்டிய இரண்டும் வெயிலில் கிடக்கிறது, மழையில் வேறு நனைந்தது. ஒரு வாரமாக ஈரப்போர்வை தொங்கியிருக்கிறது. அது ஓடுமா? ஓடவில்லை என்றால் பன்னிரண்டுதானே இருக்கும், இரண்டு பெண்களுக்குத் திரை இருக்காதே. இதெல்லாம் யாரைக் கேட்பது?

உளுந்தூர்பேட்டைப் பாலம் தெரிகிறது. டீக்கு நிறுத்துவார். இங்கே இறங்கினால் சேலத்துக்குத் திரும்பப் பஸ் கிடைக்கும். இறங்காமல் போனால் ஆறு மணிக்குள் கார்டு வாங்கலாம். கேபிள் ஓடும் என்றால் இறங்கிவிடலாம். ஓடாது என்றால் இறங்கவே கூடாது. இறங்குவதா, போவதா? யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரிந்தவன் ஒருத்தன், ஒரே ஒரு வார்த்தை.

நானாகவா? நானாக அவனைக் கூப்பிடுவதா? அது நடக்காது தம்பி. ஒன்பது வருஷம். என் விரல் அந்த பட்டனில் போகாது.

காலையிலிருந்து ஏழு தடவை அடித்தான். இப்போது அடிக்கிறானா பாருங்க. வேண்டும்போது அடிக்க மாட்டான், அழுத்தக்காரன். டவர் இருக்கிறதா? நாலு கோடு இருக்கிறது. சத்தம் வைத்திருக்கிறதா? வைத்திருக்கிறது. ஒருவேளை இனிமேல் அடிக்கவே மாட்டானோ. ஏழு தடவை கட் பண்ணினால் யாருக்கும் ரோஷம் வரும். அவனுக்கும் எங்கள் வீட்டு ரோஷம் கொஞ்சம் இருக்கும்தானே.

பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார். பத்து நிமிஷம்தான் நிற்குமாம். நீங்க டீக்கு இறங்காதீங்க தம்பி. கொஞ்சம் இருங்க. உங்களுக்கு நான் வாங்கித் தருகிறேன்.

அடிக்கிறது! அடிக்கிறது தம்பி! அவன்தான். 'எடுக்காதே.'

இந்தாங்க, நீங்க பேசுங்க. நான் டீ குடிக்கக் கீழே போயிருக்கிறேன் என்று சொல்லுங்க. பக்கத்து சீட்டுக்காரர் என்று சொல்லுங்க. அந்த மூலை வெட்டின முனை பெட்டிக்குத்தானே என்று கேளுங்க. வெயிலில் கிடந்தால் கெடுமா என்று கேளுங்க. கொடி கட்டினதைச் சொல்ல வேண்டாம், வெயில் என்று மட்டும் சொல்லுங்க. அவனே சேலத்தில்தானே இருக்கிறான், நேராக ஆபீசுக்குப் போய்... இல்லை, அதைக் கேட்க வேண்டாம். கேளுங்க. அவனாகச் சொல்கிற மாதிரி கேளுங்க. ஸ்பீக்கரில் போடுங்க, நான் மூச்சுக்கூட விட மாட்டேன்.

என்ன யோசிக்கிறீங்க? எடுங்க தம்பி, எடுங்க. கட் ஆகிவிடப்போகிறது.